பாய்மரப் படகில் மருத்துவ அவசரம்: ஒரு வரலாறு

கரையிலிருந்து பல நூறு கடல் மைல் தொலைவில் பாய்மரப் படகில் செல்பவருக்கு நோயோ காயமோ ஏற்பட்டால், படகில் இருப்பவர்களே முதல் சிகிச்சை அளிக்க வேண்டும். தனியாகச் செல்பவர் நோயாளியாகவும் மருத்துவராகவும் தாமே இருந்தாக வேண்டும். மருத்துவ அறிவு படகை எட்டிய பிறகும் இந்த நிலை முழுதாக மாறிவிடவில்லை.

மருத்துவர் இருந்தும் மருந்து தெரியாத காலம்

18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அறுவை மருத்துவர்கள் பணியாற்றினர். ஆயினும் ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் மாலுமிகள் பெருமளவில் மடிந்தனர். 1747 மே மாதம் 'சாலிஸ்பரி' கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகைச் சிகிச்சைகளைச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவாகத் தேறினர். லிண்ட் இதை 1753இல் நூலாக வெளியிட்டார். கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான்.

மருத்துவர் இல்லாத வணிகக் கப்பல்களில் கப்பல் தலைவரே மருந்துப் பெட்டியையும் ஒரு கையேட்டையும் வைத்துக்கொண்டு சிகிச்சை அளித்தார்.

வானொலி வழி ஆலோசனை

கம்பியில்லாத் தந்தி வந்த பிறகு, கரையிலுள்ள மருத்துவரிடம் கேள்வி கேட்க முடிந்தது. 1920இல் நியூயார்க்கில் மாலுமிகளுக்கான தேவாலய அமைப்பு ஒன்று வானொலி வழியாக மருத்துவ ஆலோசனை வழங்கத் தொடங்கியது. 1935இல் இத்தாலிய மருத்துவர் குயிதோ குயிதா ரோமில் இதற்கென ஒரு மையத்தை நிறுவினார். அதன் முதல் தலைவர் வானொலி முன்னோடியான மார்க்கோனி.

தன் உடலில் தானே

தொலைவிலிருந்து வரும் ஆலோசனைக்குக் கடும் சோதனையாக அமைந்தவை, தனியாளாக உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டிகள். 1992-93 வெண்டே குளோப் போட்டியில் பிரான்சின் பெர்த்ரான் தெ புரோக்கின் நாக்கு கிழிந்தது. மருத்துவர் ழான் ஈவ் ஷோவ் டெலக்ஸ் மூலம் வழிகாட்ட, அவர் தம் நாக்கைத் தாமே தைத்துக்கொண்டார்.

1998இல் மற்றொரு போட்டியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நோக்கிச் சென்ற ரஷ்யரான விக்தர் யாசிகோவின் முழங்கையில் சீழ்க்கட்டி உண்டானது. பாஸ்டனிலிருந்த மருத்துவர் டேனியல் கார்லின் மின்னஞ்சலில் அனுப்பிய வழிமுறைப்படி அவர் அதைக் கீறினார். ஆனால் இரத்தப்போக்கு எளிதில் நிற்கவில்லை. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் ஆஸ்பிரினை அவர் உட்கொண்டிருந்தார். நேரில் பார்க்கும் மருத்துவர் உடனே கேட்டறிவதை, தொலைவிலிருப்பவர் நோயாளி எழுதினால்தான் அறிவார். யாசிகோவ் பிழைத்துக் கேப் டவுன் சேர்ந்தார்.

ஆலோசனை போதாதபோது

2008 டிசம்பரில், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே சுமார் 800 கடல் மைல் தொலைவில், வெண்டே குளோப் போட்டியாளர் யான் எலியெசின் தொடையெலும்பு முறிந்தது. படுக்கையை விட்டு அசைய முடியாததால், படகில் இருந்த மருந்துகளே அவருக்கு எட்டவில்லை. சக போட்டியாளர் மார்க் கியமோ தம் பயணத்தை நிறுத்தி அருகில் வந்து துணையிருந்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் 'அருண்டா' கப்பல் இரண்டு நாள்களில் வந்து எலியெசை மீட்டது.

இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கும் இதே நிலை வந்தது. 2018 செப்டம்பர் 21 அன்று, கோல்டன் குளோப் போட்டியின்போது, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிய அவருடைய 'துரியா' படகின் பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பில் காயம்பட்டு, எழ முடியாமல் கிடந்த அவர் குறுஞ்செய்திக் கருவி மூலம் நிலைமையைத் தெரிவித்தார். அவர் இருந்த இடம் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவு. கடற்படை விமானம் படகைக் கண்டறிந்தது. மூன்று நாள்களுக்குப் பின் 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை மீட்டு ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுசென்றது. பின்னர் அவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது.

தொடரும் இடைவெளி

லிண்ட் காலத்தில் கப்பலில் இல்லாதது அறிவு. டோமியின் செய்தியோ கரையை உடனே எட்டியது. உதவிக்கரம் வந்து சேரத்தான் மூன்று நாள்கள் ஆயின. அந்த இடைவெளியைக் கடக்க உதவுபவை, படுத்த இடத்திலிருந்தே எட்டும் தண்ணீர், மருந்து, தொடர்புக் கருவி ஆகியவை. அருகில் இருக்கும் சக படகோட்டியும் துணையாவார்.

டோமி அதே போட்டியில் மீண்டும் பங்கேற்று, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து பயணத்தை முடித்தார்.