ரெண்டு கார்டு, ஒரு செலரான்: 1998-ல ஆரம்பிச்ச வேகப் பைத்தியம்

பழைய கேமிங் பிசி படங்களைப் பார்த்திருப்பீங்க. கேபினட்டுக்குள்ள ஒரே மாதிரி ரெண்டு கிராபிக்ஸ் கார்டு, ரெண்டையும் சேர்க்கிற ஒரு குட்டி பிரிட்ஜ். அப்போ அதுதான் கெத்து. இன்னைக்கு கேம் ஆட ரெண்டு கார்டு கேட்டா, விவரம் தெரிஞ்ச கடைக்காரர் வேண்டாம்னுதான் சொல்வார். ஏன் இப்படி ஆச்சு?

கதை 1998-ல ஆரம்பிக்குது. அந்த ஒரே வருஷத்துல வேகத்துக்கு ரெண்டு வழி திறந்துச்சு. ஒண்ணு காசு இருக்கிறவங்களுக்கு. இன்னொண்ணு தைரியம் இருக்கிறவங்களுக்கு.

காசு வழி, 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ2. ரெண்டு வூடூ2 கார்டை ஒரு கேபிளால இணைச்சா, திரையில ஒரு வரியை ஒரு கார்டு வரையும், அடுத்த வரியை இன்னொண்ணு வரையும். இதுக்குப் பேர்தான் எஸ்எல்ஐ. ஒத்தைக் கார்டுல 800x600-ல ஆடினவங்க 1024x768-க்குப் போனாங்க. ஆனா வூடூ2 வெறும் 3டி கார்டு. சாதாரண டெஸ்க்டாப் தெரியறதுக்குத் தனியா இன்னொரு கார்டு வேணும். ஆக மொத்தம் மூணு!

தைரிய வழி, இன்டெலோட செலரான் 300ஏ. 1998 ஆகஸ்ட்ல வந்தப்போ விலை 149 டாலர். அதே சமயம் வந்த பென்டியம் II 450, 669 டாலர். செலரானோட 300 எங்கிருந்து வந்துச்சு? மதர்போர்டு பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதை 4.5-ஆல பெருக்கினா 300. அந்த 4.5-ஐ இன்டெல் பூட்டி வெச்சிருந்தது. பஸ் வேகத்தைப் பூட்டல. அதை 100-க்கு மாத்தினா? 450!

ஏபிட் பிஎச்6 மாதிரி போர்டுல இதை பயோஸ்லயே மாத்தலாம். அந்த வசதி இல்லாதவங்க, பிராசஸரோட பி21-ங்கிற ஒரு பின்னை டேப் ஒட்டி மறைச்சு போர்டை ஏமாத்தினாங்க. இந்தச் சிப்புக்குள்ளேயே முழு வேகத்துல ஓடற 128 கேபி கேஷ் இருந்ததால, கேம்கள்ல இது பென்டியமோட நேருக்கு நேர் நின்னுச்சு. எல்லாச் சிப்பும் 450-ஐத் தொடும்னு உத்தரவாதம் கிடையாது, லாட்டரிதான். ஆனா தொட்ட சிப்புகள் ஒரு உண்மையைக் காட்டுச்சு. பெட்டியில போட்டிருக்கிற எண் வேற, சிப்போட நிஜமான தெம்பு வேற.

சரி, இந்த ரெண்டு வழியும் எங்க போச்சு?

2000 டிசம்பர்ல 3டிஎஃப்எக்ஸோட முக்கியச் சொத்துகளை வாங்கறதா என்விடியா அறிவிச்சது. 2004-ல அதே எஸ்எல்ஐ பேரைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஏடிஐ, கிராஸ்ஃபயரோட வந்தது. ஆனா வேலை செய்யற விதம் மாறிடுச்சு. பெரும்பாலும் ஒரு ஃப்ரேமை முதல் கார்டு வரையும், அடுத்ததை ரெண்டாவது கார்டு வரையும்.

பிரச்சினை இங்கதான். 60 எஃப்பிஎஸ்னா ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரணும். ஒண்ணு 5-ல வந்து, அடுத்தது 28-ல வந்தா? சராசரி அப்பவும் 60-தான். ஆனா கண்ணுக்கு விக்கி விக்கி ஓடற மாதிரி இருக்கும். இதைத்தான் மைக்ரோ ஸ்டட்டர்னு சொல்வாங்க. 2011-ல டெக் ரிப்போர்ட் தளத்துல ஸ்காட் வாசன், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து எழுதினார். சராசரி எஃப்பிஎஸ் எவ்வளவு மறைக்குதுன்னு அப்போ வெளிச்சமாச்சு.

அதுக்கப்புறம் வந்த கேம்கள், போன ஃப்ரேமோட தகவலை வெச்சே இந்த ஃப்ரேமை வரைய ஆரம்பிச்சது. ஒரு கார்டு இன்னொண்ணுக்காகக் காத்திருக்கணும்னா ரெண்டு எதுக்கு? மெமரியும் கூடாது. ரெண்டு 4 ஜிபி கார்டு போட்டாலும், ரெண்டுலயும் ஒரே தகவல்தான் இருக்கும். அதனால கேமுக்குக் கிடைக்கிறது 4 ஜிபிதான். 2021 தொடக்கத்தோட எஸ்எல்ஐக்குப் புது டிரைவர் புரொஃபைல் தர்றதை என்விடியா நிறுத்திடுச்சு.

ஓவர்கிளாக்கிங் சாகல, கம்பெனிகிட்டயே போயிடுச்சு. 2011-ல வந்த சாண்டி பிரிட்ஜ்ல பஸ் வேகத்தை ஏத்தற பழைய வழி கிட்டத்தட்ட மூடிடுச்சு. பெருக்கல் எண்ணை இஷ்டத்துக்கு ஏத்தணும்னா, கூடுதல் விலை கொடுத்து 'கே' மாடல் வாங்கணும். இன்னைக்குச் சிப்புகள் சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்து, தன் வேகத்தைத் தானே ஏத்திக்குது. 149 டாலர் சிப்புல ஒளிஞ்சிருந்த அந்த மிச்சத் தெம்பு, இப்போ பெட்டியோட விலையிலேயே சேர்ந்திருக்கு.

அதனால, பழைய கார்டு ரெண்டு மலிவா கிடைக்குதுன்னு யாராவது சொன்னா, அந்தக் காசுல நல்ல கார்டு ஒண்ணு பாருங்க. ரிவ்யூ பார்க்கும்போது சராசரி எஃப்பிஎஸ்ஸோட நிறுத்தாம, '1% லோ'-ன்னு போட்டிருக்கிற எண்ணையும் பாருங்க. கேம் எங்க தடுமாறுதுன்னு காட்டறது அதுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!