திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம்

சிவகிரியில் நம் பாட்டனார் வீட்டின் பின்கட்டில் ஒரு மண் குலுக்கை நின்றிருந்தது. அடியில் துணி அடைத்த சிறு துளை. அதைப் பிடுங்கினால் நெல் தானே சரிந்து வரும். வீட்டைப் புதுக்கியபோது அதை உடைத்துக் குப்பையில் கொட்டினோம். அன்று எவருக்கும் வருத்தம் இல்லை, நமக்கும்தான்.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் (தாமிரபரணிக் கரைப் பாபநாசம் அன்று, தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம்) பாலைவனநாதர் கோயிலில் உள்ள நெற்களஞ்சியத்தைக் கண்டபோது அந்தக் குலுக்கையே நினைவில் எழுந்தது. தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600க்கும் 1634க்கும் இடையில் எழுப்பப்பட்டது. உயரம் 36 அடி. கொள்ளளவு 3000 கலம், அதாவது 36,000 மரக்கால். வட்டமான அடி, கூம்பிச் செல்லும் முகடு. மேலே கொட்டி, கீழே எடுக்கும் முறை. அளவு மட்டுமே பெரிது. அறிவு அதே குலுக்கையின் அறிவு. ஏணிக்கும் எட்டாத உயரமும் உச்சி திறந்து நிரப்பும் வழக்கமும் உடைய நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை முன்னரே காட்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியூலி மடத்தாருக்காகக் கட்டப்பட்டது. கற்சுவர், உள்ளே மரத்தூண் வரிசை, வண்டி நுழையும் வாயில். ஒரு தேவாலயம் போல நீண்டு கிடக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? அங்கே கதிர்க்கட்டுகளை அப்படியே உள்ளே அடுக்கி, மழைக்கும் பனிக்கும் அஞ்சி, கூரையின் கீழேயே போரடித்தனர். நமக்கோ களம் வெட்டவெளி. வெயில் காய வைத்துத் தரும். தூற்றிய மணி மட்டுமே காப்புக்கு உரியது. மணி நீர் போலச் சுவரை நெருக்கும். அந்த நெருக்கத்தை எப்புறமும் ஒன்றாகத் தாங்க வட்டமே தக்கது. (பாட்னாவில் 1786இல் கட்டி முடித்த கோல்கரும் வட்டமே.)

திருப்பாலைத்துறைக் களஞ்சியத்தை மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது, மகிழ்ச்சியே. எனினும் அதே காவிரிப் படுகையில், கொள்முதல் நிலையங்களின் வாசலில், குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிடுவதை ஆண்டுதோறும் நாளிதழ்களில் காண்கிறோம். நெல்லைக் காக்கக் கட்டிய கட்டடத்தைக் காக்கிறோம். நெல் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது.

சிவகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் குலுக்கைகள் எங்கேனும் எஞ்சியிருக்கலாம். கண்ட நண்பர்கள் உடைபடுமுன் ஒரு படமேனும் எடுத்து வைக்க வேண்டுகிறோம்.