நெய்வேலி மின்சார நிலுவை வசூல்

நெய்வேலி என்.எல்.சி. இந்தியா நிறுவனம் தென்மாநில மின் பகிர்மான நிறுவனங்களுக்கு விற்கும் மின்சாரத்தின் பாக்கியை வசூலிக்கும் சட்ட முறை. 1956-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் முதல் அனல் மின் அலகு 1962-இல் இயங்கியது.

சட்ட வழிகள்: திவால் சட்டம் (2016) பிரிவு 8-இன்படி, பாக்கி வைத்த கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி 10 நாளில் பணம் வராவிட்டால், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். 2020 மார்ச் முதல் குறைந்தபட்ச பாக்கி 1 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்ந்தது. ஆனால் மாநிலத்துக்கே விளக்கேற்றும் அரசு நிறுவனத்தைத் திவாலாக்கினால் நுகர்வோரும் பாதிக்கப்படுவர். எனவே நடைமுறையில் மின்துறைக்கெனத் தனி விதிகளே கைகொடுக்கின்றன.

அண்மை மாற்றங்கள்: 2019 ஆகஸ்ட் 1 முதல், வங்கிக் கடனுறுதிக் கடிதம் கொடுத்தால்தான் மின்சாரம் கிடைக்கும். 2022 ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகள், பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணைகளில் கட்ட அனுமதித்தன. புதிய பில்லை இழுத்தடித்தால் மாதந்தோறும் அபராத விகிதம் 0.5 சதவீதம் ஏறும். பிறகு மின்சந்தையில் வாங்கும் உரிமையும் பறிபோகும். 2022 ஆகஸ்டில் இத்தடைக்கு உள்ளான 13 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.