வேட்கை
இப்போது யாரைக் கேட்டாலும் ‘சமையல்தான் என் பேஷன்’, ‘பயணம்தான் என் பேஷன்’ என்கிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் உடையலங்காரமா உள்ளத்து ஆசையா என்றே விளங்குவதில்லை. உள்ளத்து ஆசையைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குத் துன்புறுதல் என்று பொருள். ஏசு சிலுவையில் பட்டதை ஆங்கிலம் இன்றும் அதே சொல்லால்தான் குறிக்கிறது. நம் கிறிஸ்தவர்கள் அதைப் ‘பாடுகள்’ என்று சொன்னது அருமையான தமிழ். பட்ட பாடு காதல் பித்தாகி, இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. இதற்கு ஈடாக நான் முன்வைப்பது வேட்கை. வேள் என்றால் விரும்பு. பழந்தமிழில் நீர்வேட்கை என்பது தாகம். தொண்டை வறளும் அந்தத் தவிப்பு விருப்பத்திலும் இல்லை, ஆர்வத்திலும் இல்லை. (ஆர்வத்தை வேலைவாய்ப்பு விளம்பரங்களே தேய்த்துவிட்டன.) வேட்டல் என்றால் மணம் புரிதல், வேள்வி செய்தலும் அதுவே. கேரளத்து நம்பூதிரிகள் திருமணத்தை வேளி என்பார்கள். முருகன் செவ்வேள், மன்மதன் கருவேள். தேர்தல்தோறும் வாசலுக்கு வரும் வேட்பாளரும் இந்தக் குடும்பத்தவரே! அவருக்கான ஆங்கிலச் சொல், பதவி கேட்டு நின்ற ரோமானியர் உடுத்திய வெள்ளாடையிலிருந்து பிறந்தது. நம் சொல்லோ ஆசையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ‘இசை வேட்கை’ என்று தாராளமாக எழுதலாம். பேச்சில் மட்டும் ‘வெறி’ முந்திக்கொள்ளும். கிரிக்கெட் வெறியனைக் கிரிக்கெட் வேட்கையன் என்று அழைத்தால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.