அழிக்கப்பட்ட நாடாக்கள்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனுடைய நாளில் சொல்லத்தக்க செய்தி மிகுதியாக இராது. காலையில் காய்கறிக் கடை, தபால் நிலையம், மருந்துக் கடை, மின் கட்டணம் என்று நான்கு வேலைகள். பிற்பகலில் இரண்டு மணி நேரம் எழுத்து. விளக்கு வைத்த பிறகு பழைய துப்பறியும் நாடகங்களைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தல். இவற்றுள் முதல் இரண்டும் என் வீட்டாருக்கு உடன்பாடு. மூன்றாவதை மட்டும், பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தகாத பொழுதுபோக்கு என்று அவர்கள் எண்ணுகின்றனர். முப்பதாண்டுக் காலம் சரித்திரம் கற்பித்த எனக்கோ, அந்த நாடகங்களில் வரும் கதையைக் காட்டிலும், அவை இன்றுவரை பிழைத்து வந்த கதை பெரிதாகத் தோன்றுகிறது. நேயர்களுக்கு இன்று அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

1968-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பி. பி. சி. நிறுவனம் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைத் தொடராக ஒளிபரப்பிற்று. பீட்டர் குஷிங் ஹோம்ஸாகவும், நைஜல் ஸ்டாக் டாக்டர் வாட்ஸனாகவும் நடித்தனர். மொத்தம் 16 பகுதிகள். அவற்றுள் இன்று இருப்பவை ஆறே ஆறு. அதற்கு முன், 1951-இல், ஆலன் வீட்லி என்ற நடிகரைக் கொண்டு அதே நிறுவனம் ஆறு பகுதிகளை அளித்தது. அவற்றுள் ஒன்றுகூட இல்லை. தீ விபத்தில் இவை வெந்து போகவில்லை. போரில் குண்டு விழுந்து அழியவுமில்லை. கள்வன் எவனும் கொண்டு போகவுமில்லை. பின் எவ்வாறு மறைந்தன? ஹோம்ஸே துப்புத் துலக்கத் தக்க வழக்குத்தான் இது. ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு அவன்மீது சினம் கொள்ள நம்மால் முடியவில்லை என்பதே இதிலுள்ள விந்தை.

பி. பி. சி. தன் தொலைக்காட்சிச் சேவையை 1936 நவம்பர் 2-ஆம் நாள் லண்டனிலுள்ள அலெக்ஸாண்டிரா மாளிகையிலிருந்து தொடங்கியது. அக்காலத்தில் நாடகம் என்றால் நேரடி நாடகமே. நடிகர் நடிக்கும் அந்நேரத்திலேயே காட்சி வீடுகளைச் சென்றடையும். நடித்து முடிந்ததும் காற்றோடு கலந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நடந்த நாடகத்தை வியாழக்கிழமை மறுபடி காட்ட வேண்டுமாயின், நடிகர்கள் அனைவரும் மறுபடி வந்து வேடம் புனைந்து முதலிலிருந்து நடிக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்கூத்தைப் போலத்தான். விடிந்தபின் கூத்து எங்கே போயிற்று என்று எவரும் தேடுவதில்லை அல்லவா?

பின்னர், ஒளித்திரைக்கு எதிரே சினிமாக் காமிராவை நிறுத்தி ஓடும் காட்சியைப் படச்சுருளில் பிடிக்கும் முறை வந்தது. 1953-இல் ‘குவாட்டர்மாஸ்’ என்னும் மர்மத் தொடரின் ஆறு பகுதிகளுள் முதல் இரண்டை மட்டும் இம்முறையில் பிடித்தார்கள். எஞ்சிய நான்கும் போயின. அத்தொடரை அன்று பார்த்தவர்கள் முடிவை அறிவார்கள். இன்று பார்ப்பவன் இரண்டாம் பகுதியோடு நிற்க வேண்டியவனே.

1956 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆம்பெக்ஸ் என்னும் கம்பெனி ஒரு புதிய கருவியைக் காட்டியது. ஒலியைப் போலவே ஒளியையும் காந்த நாடாவில் பதியும் கருவி அது. நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். ஒரு மணி நேரம் ஓடக்கூடிய ஒரு சுருளின் விலை அந்நாளில் ஏறத்தாழ 300 டாலர். பி. பி. சி. பொறியாளரும் வாளாவிருக்கவில்லை, ‘வேரா’ என்ற தங்கள் கருவியொன்றை 1958-இல் மக்களுக்குக் காட்டினர். அதில் நாடா வினாடிக்கு 200 அங்குல வேகத்தில் பாய்ந்தது. பெருஞ்சுருள் ஒன்று கால் மணி நேரத்திற்குத்தான் காணும். ஆகவே ஆம்பெக்ஸே வென்றது.

இந்த நாடாவின் பெருஞ்சிறப்பு என்ன தெரியுமா? அழித்துவிட்டு மறுபடி பதியலாம். பழைய நாட்களில் நாங்கள் சிறுவர்க்குச் சிலேட்டுப் பலகை வாங்கிக் கொடுக்கச் சொன்னதற்கும் அதுவே காரணம். ஆனால் சிலேட்டில் எழுதியது நிற்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. விலை மிகுந்த நாடாவை அலமாரியில் உறங்கவிடுவதா, அழித்து அடுத்த வாரத்து நாடகத்தைப் பதிவதா என்ற கேள்வி எழுந்தபோது, சிக்கனம் அறிந்த அலுவலர் எவரும் சொல்லக்கூடிய விடையையே அவர்களும் சொன்னார்கள்.

விலை ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிடுதல் சரியன்று. நடிகர் சங்கத்தோடும் இசைவாணர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, ஒரு நாடகத்தை நினைத்தபோதெல்லாம் மறுஒளிபரப்புச் செய்ய இயலாது. தவணை கடந்துவிட்டால் அது பயனற்ற பொருள். 1967 ஜூலை முதல் தேதி இங்கிலாந்தில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கிய பின், கறுப்பு வெள்ளை நாடகங்களை வாங்குவார் குறைந்தனர். இவற்றிற்கெல்லாம் மேலாக இன்னொன்றும் உண்டு. படச்சுருள் நூலகம், படச்சுருளைக் காப்பதே தன் வேலை என்று கருதிற்று. நாடாக்கள் பொறியியல் பகுதியின் பொறுப்பு. வெளிநாடுகளுக்குப் பிரதிகளை விற்பது மற்றொரு பகுதி. மூலத்தை மற்றவர் வைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பினர். நம்பிக்கொண்டே தங்களிடம் இருந்ததை அழித்தனர். அலுவலகங்களோடு நெடுநாள் பழகிய எனக்கு, எல்லாக் காரணங்களிலும் இதுவே உடனே நம்பத் தக்கதாகப் படுகிறது.

‘டிக்ஸன் ஆப் டாக் கிரீன்’ என்ற போலீஸ் தொடர் 1955 முதல் 1976 வரை 432 பகுதிகள் ஓடிற்று. நாடே அறிந்த தொடர் அது. அதில் இன்று பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ‘அவெஞ்சர்ஸ்’ என்ற மற்றொரு நிறுவனத்தின் தொடரில், 1961-ஆம் ஆண்டு முதல் வரிசையின் 26 பகுதிகளில் மூன்றே முழுமையாக உள்ளன. ரூபர்ட் டேவிஸ் நடித்த ‘மேக்ரே’ தொடரின் 52 பகுதிகளோ ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன. நல்லது நின்றது, அல்லாதது அழிந்தது என்று மாணவர்க்கு நாம் சொல்லிக் கொடுப்பதுண்டு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேல்நாட்டாரை இதில் இகழ நமக்கு உரிமை இல்லை. தமிழில் பேசிய முதற்படம் என்று போற்றப்படும் 1931-ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படத்திற்கு ஒரு பிரதிகூட இல்லை. அதற்கு முன் நடராச முதலியார் எடுத்த ‘கீசக வத’மும் இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது என்று கருதி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே கேட்டறிந்த செய்தியைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அழித்தவர்கள் அலட்சியத்தால் அழிக்கவில்லை; சாஸ்திரப்படி, பக்தியோடு அழித்தார்கள். 1969-இல் மனிதன் சந்திரனில் கால் வைத்த காட்சியின் மூலப்பதிவு நாடாக்களும், நாடாப் பற்றாக்குறையினால் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2009-இல் தெரிவித்தது. சந்திரனுக்கே அந்தக் கதி என்றால் ஹோம்ஸ் எம்மாத்திரம்?

நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், முன்னிருந்த தலைமையாசிரியர்கள் நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேடுகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. எந்நாளில் மழைக்காக விடுமுறை விட்டார்கள், எந்த ஆண்டில் அம்மை கண்டு வகுப்புக் காலியாயிற்று, எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகள் அறுவடைக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. நான் மாறுதலாகிச் சென்று சில ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தபோது, கட்டடத்திற்கு வெள்ளையடிக்கும் சமயத்தில் அவை எடைக்குப் போய்விட்டன என்றார்கள். சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். விதி அதைத்தான் நிலையான பதிவேடு என்கிறது. அப்பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இன்றும் கிடைக்கும். ஆனால் அவர்கள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பது இனி எவருக்கும் கிடைக்காது.

பழைய துப்பறியும் நாடகங்களில் சரித்திரக்காரன் தேடுவதும் இத்தகைய செய்திகளையே. கொலை செய்தவன் யார் என்பது கதாசிரியன் புனைந்தது. அதற்கு மூலநூல் இருக்கிறது. மூலநூலில் இல்லாதவை காட்சியில் இருக்கின்றன. தொலைபேசிக் கூண்டில் காசு போடுபவர் எந்த விரலால் எண்ணைச் சுழற்றுகிறார், சமையலறையில் கெண்டி எங்கே தொங்குகிறது, போலீஸ்காரர் தெருவில் எத்தனை பேரோடு நின்று பேசுகிறார் என்பவற்றை எவரும் திட்டமிட்டுப் பதியவில்லை. காமிரா தானாகப் பிடித்தது. என் எழுத்து நேரத்தில் நான் அன்றன்று எழுதுவதும் ஏறக்குறைய இத்தகையதே: கத்தரிக்காய் என்ன விலை, தபால் நிலையத்தில் எத்தனை நாழிகை நின்றேன், எவர் என்ன சொன்னார். இவற்றை ஏன் எழுதுகிறீர்கள் என்று என் மனைவி கேட்பதுண்டு. ஹோம்ஸ் ஒரு கதையில், தெருவில் விழுந்து கிடந்த நைந்த தொப்பி ஒன்றைக் கையில் எடுத்து, அதன் சொந்தக்காரனுடைய தாழ்ந்த நிலையையும் அவன் இல்லறத்தையும் சொல்லிவிடுகிறார். நீலக் கல்லைப் பற்றிய கதை அது. பீட்டர் குஷிங் தொடரில் தப்பியவற்றுள் அதுவும் ஒன்று; அவளுக்கும் அதைக் காட்டியிருக்கிறேன்.

1978-ஐ ஒட்டி பி. பி. சி. தன் போக்கை மாற்றிக்கொண்டு, நாடாக்களைத் தேர்ந்து காக்கும் முறையை ஏற்படுத்திற்று. அதன்பின் தேடுதல் தொடங்கியது. வெளிநாடுகளுக்கு விற்ற படச்சுருள்கள் ஒரு நாட்டில் ஓடி முடிந்ததும் அடுத்த நாட்டுக்குப் போவது வழக்கம். அந்தப் பயணத்தில் எங்கேனும் தங்கிப்போனவையே இப்போது திரும்பின. மறைந்த தொடர்களுள் மிகுதியாகத் தேடப்பட்ட ‘டாக்டர் ஹூ’வின் ஒரு கதை 1992-இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2013-இல், நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையமொன்றின் சேமிப்பறையில் இருந்து ஒன்பது பகுதிகள் மீண்டதாக அறிவித்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் பழைய ஆங்கில நாடகங்கள் பல இருந்தமை 2010-இல் வெளிவந்தது.

படம் போய்விட்ட ‘டாக்டர் ஹூ’ பகுதிகள் அனைத்திற்கும் ஒலி மட்டும் இருக்கிறது. அதைக் காத்தவர் எவரும் அலுவலர் அல்லர். 1960-களில், வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த சில பையன்கள், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கை வைத்து, வீட்டாரைப் பேசாதிருக்கச் சொல்லி, வாரந்தோறும் தங்கள் ஆசைக்காகப் பதிந்து வைத்தார்கள். ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போது திரையையே படமெடுத்து, அதில் நடித்தவர்களுக்கும் தயாரித்தவர்களுக்கும் விற்றுப் பிழைத்தார். அந்தப் பையன்களின் ஒலியையும் அவருடைய நிழற்படங்களையும் வரிசையாகச் சேர்த்து, அழிந்த பகுதிகள் சிலவற்றை இன்று ஒருவாறு பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள்.