பீரங்கியும் குண்டும் பகரும் வரலாறு

ஒரு போரின் வரலாற்றை எழுதப் புகுவோர் தளபதிகளின் அறிக்கைகளையும் வீரர்களின் கடிதங்களையும் நாடுவது வழக்கம். அவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க பிறிதொரு சான்றும் உண்டு. மண்ணுட் புதைந்து கிடக்கும் இரும்பே அது. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கிகளையும் குண்டுகளையும் தேடித் திரட்டுவோர் அந்நாட்டிற் பலர். அவற்றை இனங்காணும் முறை யாது, அதனால் வரலாறு பெறும் பயன் யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதலிற் பீரங்கியை நோக்குவோம். அப்போரில் வழங்கிய பீரங்கிகளுட் பெரும்பாலானவை இருவகைப்படும். உட்புறம் வழுவழுப்பான குழலையுடையவை ஒருவகை. உட்புறத்திற் சுருள் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டவை மற்றொரு வகை. 1857ஆம் ஆண்டு மாதிரியான 'நெப்போலியன்' பீரங்கி முதல் வகையைச் சார்ந்தது. பெரும்பாலும் வெண்கலத்தால் வார்க்கப்பட்ட இதன் குழல்விட்டம் 4.62 அங்குலம், எறியும் குண்டு 12 இறாத்தல். பிரான்சியப் பேரரசன் மூன்றாம் நெப்போலியனின் பெயரே இதற்கு வாய்த்தது. இரண்டாம் வகைக்கு றொபேட் பாக்கர் பரட் என்பார் அமைத்த பீரங்கி தக்க எடுத்துக்காட்டு. வெடிமருந்தின் அழுத்தம் மிகும் அடிப்பாகத்தை வலுப்படுத்தும் பொருட்டு, அதன் வார்ப்பிரும்புக் குழலைத் தேனிரும்புப் பட்டையொன்று இறுகச் சூழ்ந்திருக்கும். அப்பட்டையே அதன் அடையாளம். இதன் 10 இறாத்தல் வகை முதலில் 2.9 அங்குல விட்டத்தோடு செய்யப்பட்டுப் பின்னர், 1863இல், 3 அங்குலமாக மாற்றப்பட்டது. எனவே குழல்வாயை அளந்த மாத்திரத்தே காலமும் ஓரளவு புலப்படும். வடபடையினரின் பீரங்கிகள் பலவற்றின் வாய்முகப்பில் எடை, தொடரெண், ஆண்டு, சோதித்த அதிகாரியின் முதலெழுத்துக்கள் ஆகியனவும் பொறிக்கப்பட்டுள்ளன.

இனிக் குண்டுகள். உருண்டை வடிவின வழுவழுப்பான குழலுக்குரியன; நீண்ட வடிவின பெரும்பாலும் வரிப்பள்ளக் குழலுக்குரியன. நீண்ட குண்டு வரிப்பள்ளத்தைப் பற்றிச் சுழலும் உபாயமே அதனைச் செய்தவர் யாரென்பதைக் காட்டும். ஹொட்ச்கிஸ் குண்டில் முற்பகுதிக்கும் அடிக்கிண்ணத்துக்கும் இடையே ஈயப்பட்டை உண்டு. வெடிக்கும்போது கிண்ணம் முன்னேறி ஈயத்தைப் பள்ளங்களுட் பிதுக்கும். ஷென்கிள் குண்டின் கூம்பிய அடிப்புறத்தைக் காகிதக்கூழ் சூழ்ந்திருந்தது. மண்ணில் அது மக்கிப்போக, வரம்புகளோடு கூடிய கூம்பு மாத்திரம் எஞ்சும். உருண்டைக் குண்டுகள் சிலவற்றிற் காணப்படும் ஈயக்கலவைத் தட்டு, பெல்சிய அதிகாரி போர்மன் கண்ட திரியாகும். அதன் முகத்தில் ஐந்தேகால் விநாடி வரை கால அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றிலே துளையிடப்பட்டிருப்பின், பீரங்கிவீரன் எத்தனை விநாடியிற் குண்டு வெடிக்க வேண்டுமெனக் கருதினான் என்பதை நாம் அறியலாம்.

எனினும், உருண்டையான இரும்பெல்லாம் பீரங்கிக் குண்டாகா. ஆலைகளிற் கனிப்பொருள் அரைக்கும் உருண்டைகளும் விளையாட்டுவீரர் எறியும் குண்டுகளும் அடிக்கடி மயக்கந் தரும். 12 இறாத்தல் திண்குண்டின் விட்டம் 4.52 அங்குலமளவில் இருத்தல் வேண்டும். விட்டமும் எடையும் ஒருங்கே பொருந்தாதவிடத்து ஐயுறுதலே அறிவுடைமை.

இக்கல்வியில் உயிராபத்தும் உண்டு. உள்ளே அடைபட்ட கருமருந்து நூற்றாண்டு கடந்தும் வலியிழப்பதில்லை. 2008இல் வேர்ஜீனியாவில் அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் கடற்படைக் குண்டொன்றைச் செயலிழக்கச் செய்யும் வேளையில் அது வெடித்து உயிர்நீத்தார். 2023இல் கெற்றிஸ்பேக் போர்க்களத்திற் கண்டெடுக்கப்பட்ட பரட் குண்டை இராணுவ நிபுணரே அகற்றி வெடிக்கச் செய்தனர். ஆதலால் ஐயத்துக்குரிய குண்டைத் தொடாதிருத்தலும் அதிகாரிகளுக்கு அறிவித்தலுமே முறை.

பிறிதொரு கேடு கண்ணுக்குப் புலனாகாதது. குண்டை அகழ்ந்தெடுத்து அலுமாரியில் வைப்போன் இரும்பைக் காப்பாற்றுகின்றான். அது கிடந்த இடம், ஆழம், நோக்கிய திசை என்பவற்றையோ அழித்துவிடுகின்றான். இவ்விழப்பின் அளவை ஜோர்ஜியா மாநிலத்துப் புலாஸ்கிக் கோட்டை உணர்த்தும். ஏழரை அடித் தடிப்புள்ள அதன் செங்கற் சுவர்களைத் தொலைவிலிருந்து பிளத்தல் இயலாதெனப் பொறியியலாளர் பலர் நம்பியிருந்தனர். 1862 ஏப்பிரில் 10ஆம் நாள் கில்மோர் என்னும் வடபடை அதிகாரி, 1,600 யாருக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து வரிப்பள்ளப் பீரங்கிகளால் தாக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 30 மணி நேரத்துள் தென்கிழக்கு மூலை பிளவுண்டது; மறுநாள் கோட்டை சரணடைந்தது. கற்கோட்டைகளின் காலம் முடிவுற்றதை உலகுக்கு அறிவித்த நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. இன்றும் அச்சுவரிற் சில குண்டுகள் பதிந்தபடியே உள்ளன. எத்திசையிலிருந்து எது வந்தது, எவ்வளவு ஊடுருவிற்று என்பதை மாணவன் ஆங்கு நேரே காணலாம். அவற்றைப் பெயர்த்து விற்றிருப்பின் எஞ்சியிருப்பது இரும்பின் எடை மாத்திரமே.

அமெரிக்க அரசு 1979இல் இயற்றிய தொல்பொருட் பாதுகாப்புச் சட்டம் பொதுநிலங்களில் அனுமதியின்றி இத்தகைய பொருள்களை அகழ்வதைத் தண்டிக்கின்றது. சட்டம் அச்சத்தால் தடுக்கும். கல்வியோ விளக்கத்தால் தடுக்கும். பழம்பொருளொன்றைக் காணும் மாணவன் அதனைக் கையிலெடுக்குமுன் அது கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வானாயின், வரலாற்றுக் கல்வியின் முதற்பாடத்தை அவன் கற்றவனாவான்.