ஒப்புதல் கடிதமும் ஆறாண்டு வழக்கும்

ஐதராபாத் நகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் சத்யம் கம்பெனியின் பெயரை அறியாதார் அரியர். ஒரு வீட்டின் மகன் அங்கு வேலை பார்த்திருப்பான். அடுத்த வீட்டுப் பெரியவர் தம் ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை அதன் பங்குகளில் இட்டு வைத்திருப்பார். அக்கம்பெனி வீழ்ந்த கதையைப் பத்திரிகைகள் வாயிலாக யாவரும் அறிவோம். ஆனால் அக்குற்றம் நீதிமன்றத்தில் எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது என்பது பலர் அறியாத சரித்திரம். அதனை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பெனி மோசடி இந்நகருக்குப் புதிதன்று. நிஜாம் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்த அப்துல் ஹக் என்பார் 1886ல் ஆங்கிலேயர் இருவருக்குச் சுரங்க உரிமை கிடைக்க வழி செய்தார். அதன்மேல் எழுந்த ஐதராபாத் டெக்கான் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் பவுன். பங்குகளில் பெரும்பகுதி உரிமை பெற்றோர் கைக்கே சென்றது. அவற்றுள் ஒரு பகுதி அப்துல் ஹக்கிடம் வந்து, அங்கிருந்து நல்ல விலைக்கு நிஜாம் அரசாங்கத்தின் தலையிலேயே கட்டப்பட்டது! 1888ல் லண்டன் பாராளுமன்றம் ஒரு குழு அமைத்து விசாரித்தது. அப்துல் ஹக் பதவி இழந்தார். இன்றைய சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் அந்தக் கம்பெனியின் வழிவந்ததே. சென்னையிலும் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்ததை நம் பாட்டனார் காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர்.

இனிச் சத்யத்திற்கு வருவோம். 1987ல் இராமலிங்க ராஜு இந்நகரில் தொடங்கிய அக்கம்பெனி, 2001ல் நியூயார்க் பங்குச் சந்தை வரை ஏறிற்று. 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாரின் மேடாஸ் கம்பெனிகள் இரண்டினைச் சத்யம் வாங்கப்போவதாக அறிவிப்பு வெளிவந்தது. பங்குதாரர் கொதித்தெழவே, சில மணி நேரத்தில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு தம் டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய பாங்கு இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதில் ஒப்புக்கொண்டார். புலிமேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலை தமது என்றும் எழுதியிருந்தார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அதுதான். முதல் நாள் 180 ரூபாயை ஒட்டி நின்ற பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்துவிட்டது.

"எழுதியே கொடுத்துவிட்டாரே, இனி வழக்கு எதற்கு?" என்று அந்நாளில் காலனிப் பெரியவர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் சட்டத்தின் பார்வை வேறு. கடிதம் எழுதியவரே நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து வழக்காடினார். மேலும், ஒருவர் எழுதிய கடிதம் மற்றவர் குற்றத்தைத் தானே மெய்ப்பித்துவிடாது. குற்றவாளிக் கூண்டில் நின்றவரோ பதின்மர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்கடிதத்தில் பாதி ஒப்புதல் என்றால் பாதி மறுப்பு. டைரக்டர்கள் எவருக்கும் ஒன்றும் தெரியாது, தாமும் தம் தம்பியும் இதனால் ஒரு ரூபாயும் அடையவில்லை என்று அதில் கண்டிருந்தது. அதே தம்பி பின்னர்த் தண்டனை பெற்றார். ஆகவே அரசாங்க வழக்கறிஞருக்கு அக்கடிதம் கைவிளக்கேயன்றி முடிந்த வேலை அன்று.

அவசரத்தின் ஆபத்தும் முதலிலேயே தெரிந்தது. மாநிலப் போலீசார் கையில் வழக்கு இருந்த 2009 ஜனவரியில், கம்பெனியின் 53,000 ஊழியரில் 13,000 பேர் பெயரளவில் மட்டுமே உள்ளவர் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கூறினார். அந்த வாரம் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், தாம் மெய்யாகவே இருக்கிறோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருப்பர். பின்னால் வழக்கு அந்தக் குற்றச்சாட்டின்மேல் கட்டப்படவில்லை. பரபரப்பான வார்த்தை ஒருநாள் செய்தியாகும், சாட்சியம் ஆகாது.

பிப்ரவரியில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. பில் போடும் கணிப்பொறி ஏற்பாட்டில் தனி அனுமதி பெற்றோர் போலிப் பில்களைப் புகுத்தியதை அவர்கள் கண்டனர். அப்பில்கள் மற்ற ஊழியர் கண்ணுக்குப் படாமல் மறைக்கப்பட்டு, வருமானக் கணக்கில் மட்டும் ஏறின. அவற்றின் எண்ணிக்கை ஏழாயிரத்துக்கும் மேல். வராத வருமானத்திற்குப் பணம் காட்ட வேண்டுமே! அதற்காகப் போலி வைப்புத்தொகை ரசீதுகளும், பாங்குகள் எழுதியதுபோன்ற போலிக் கடிதங்களும் தயாராயின.

இவற்றை நீதிபதிமுன் நிறுவுவது எளிதா? ஒவ்வொரு தாளையும், அதை எழுதியவரோ காத்து வைத்தவரோ கூண்டேறி அடையாளம் காட்ட வேண்டும். இந்த ரசீது எம்முடையதன்று என்று பாங்கு அதிகாரி சொல்ல வேண்டும். அவரை எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்வர். கணிப்பொறிப் பதிவுக்கோ அந்நாளைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு தனிச் சான்றிதழ் கேட்டது. அரசு வழக்கறிஞர் சட்டத்தோடு கணக்கியலையும் கணிப்பொறியையும் கற்றாக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவர் கையிலிருந்த ஆயுதம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம்! ஆர்பத்நாட் காலத்துச் சட்டமும் அதுவே. நாம்பள்ளி நீதிமன்றத்தில் 226 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஏறக்குறைய 3,000 ஆவணங்கள் குறியிடப்பட்டன. தனி வழக்கறிஞராகப் புலனாய்வுத் துறைக்காக நின்றவர் கே. சுரேந்தர்.

2015 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு. தணிக்கையாளர் இருவர் உட்பட பதின்மருக்கும் ஏழாண்டுக் கடுங்காவல். தணிக்கையாளரும் தப்பவில்லை என்பதே, என் கருத்தில், அத்தீர்ப்பின் சிறந்த பகுதி. கணக்கு எழுதுபவன் பொய் சொல்வது உலக வழக்கு. சரிபார்க்கக் கூலி வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டால் பங்குதாரன் யாரை நம்புவான்? ஆனால் அடுத்த மாதம் 11ஆம் தேதியே அமர்வு நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்துப் பிணை வழங்கியது. விசாரணைக் காலத்தில் ராஜு இரண்டரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்ததும் உண்மை. பணம் இழந்தோருக்கு அது போதாதென்று தோன்றியதும் உண்மை.

இடையில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்தது. அதன் 447ஆம் பிரிவு மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறை விதித்தது. தணிக்கையாளர் மோசடியைக் கண்டால் அறிவித்தே தீர வேண்டும் என்று 143ஆம் பிரிவு கட்டளையிட்டது. 2003ல் தோன்றிய கடும் மோசடி விசாரணை அலுவலகத்திற்கும் அச்சட்டமே சட்டப்பூர்வ நிலை அளித்தது.

சுரேந்தர் அவர்கள் 2022ல் தெலங்கானா உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2025ல் அவர் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டார். நாம் அங்கிருந்து இங்கு வந்தோம், அவர் இங்கிருந்து அங்கு சென்றார்.